எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது?

பழைய அம்பாசிடர் ஒன்று பட்டறைக்குள் வருகிறது. மார்க் 4, பெட்ரோல் வண்டி. சும்மா நின்றாலே ஸ்டியரிங் உதறுகிறது. அதன் கீழே இருக்கும் கை கியர் கம்பி நடுங்குகிறது. சைலன்சரில் சீராக வர வேண்டிய சத்தம் நடுநடுவே இடறுகிறது. ரோட்டில் வேகம் எடுத்துவிட்டால் குறை அவ்வளவாகத் தெரிவதில்லை. நான்கு பிளக்கும் புதிது, காயில் புதிது, கன்டென்சர் புதிது. கார்புரேட்டரை வேறொரு பட்டறையில் கழற்றிக் கழுவி, மிக்சரையும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். செலவு ஆனதுதான் மிச்சம்; மிஸ்ஸிங் போகவில்லை.

பழைய கார் வைத்திருக்கும் பலருக்கும் பழக்கமான நிலைமை இது. மிஸ்ஸிங் என்றதும் முதலில் பிளக் மாறும், பிறகு காயில், பிறகு கையில் அகப்பட்டதெல்லாம். ஒன்றில் அதிர்ஷ்டம் அடித்தால் வண்டி சரியாகிவிடும். எது சரிசெய்தது என்று யாருக்கும் தெரியாது. அடிக்காவிட்டால் இந்த அம்பாசிடரின் கதைதான்.

இத்தனைக்கும் சந்தேகப் பட்டியல் நீளமானதே இல்லை. பெட்ரோல் எஞ்சினின் ஒரு சிலிண்டர் வேலை செய்ய மூன்று விஷயங்கள் போதும்: சரியான நேரத்தில் சரியான பலத்தோடு ஒரு பொறி, தீப்பிடிக்கக்கூடிய அளவில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, அந்தக் கலவையை இறுக்கி வைத்திருக்கும் அழுத்தம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்த முறை வெடிப்பு நிகழாது. சிக்கல் எங்கே என்றால், மூன்றில் எது குறைந்தாலும் ஓட்டுபவருக்குத் தெரிவது ஒரே உதறல்தான். அதனால் நல்ல மெக்கானிக் ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன் கேள்வி கேட்கிறார்.

“எப்ப சார் மிஸ் ஆகுது? நிக்கும்போதா, மேடு ஏறும்போதா? காலையிலயா, சூடானப்புறமா?”

நலம் விசாரிப்பு போலத் தோன்றும் இந்தக் கேள்விகளுக்குள் நிறைய இயற்பியல் இருக்கிறது.

முதலில் உதறல். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு சிலிண்டரில் ஒரு வெடிப்பு. ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு ஏறக்குறைய 7 வெடிப்பு. நான்கிலும் சேர்த்து 27. ஒரு சிலிண்டர் படுத்துவிட்டால், விநாடிக்கு 7 முறை எஞ்சின் ஒரு தள்ளலை இழக்கிறது. அந்த வேகத்து அதிர்வை மனித உடம்பு தெளிவாக உணரும். சீட்டும் ஸ்டியரிங்கும் அதைக் கொண்டுவந்து சேர்க்கும். 3,000 சுற்றில் கதை வேறு. விடுபடும் வெடிப்புகள் விநாடிக்கு 25 ஆகின்றன. வேகமாகச் சுற்றும் ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றல் இடைவெளிகளை நிரப்பிவிடுகிறது. ஆகவே “வேகத்துல சரியாயிடுது” என்று உரிமையாளர் சொன்னால், உண்மையிலேயே சரியாகிறதா, தெரியாமல் போகிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். டாப் கியரில் மேடு ஏற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்: செத்த சிலிண்டரோடு ஓடும் வண்டியில் இழுவை இருக்காது. நமது அம்பாசிடர் மேட்டில் நன்றாகவே இழுக்கிறது. இது பெரிய துப்பு. ஏன் என்று பிறகு தெரியும்.

*

பொறியிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். அதில் தவறில்லை, பழைய கார்களில் அதிகம் தேய்வதும் அடிக்கடி கவனிக்க வேண்டியதும் அந்தப் பகுதிதான்.

அம்பாசிடரிலும் பத்மினியிலும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டிலும் இருந்த பாயிண்ட், காயில், கன்டென்சர் ஏற்பாடு அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1910ஆம் ஆண்டு மாடல் கேடிலாக் கார்களுக்காக உருவாக்கியதன் நேரடி வாரிசு. அரை நூற்றாண்டுக்கு மேல் உலகத்தின் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் அதை நம்பித்தான் ஓடின. நம் ஊரில் அந்தச் சாமான்களில் பெரும்பங்கு சென்னை பாடியில் 1961இல் நிறுவப்பட்ட லூகாஸ்-டிவிஎஸ்ஸிலிருந்து வந்தது.

தத்துவம் எளிமையானது. காயிலுக்குள் இரண்டு சுற்றுகள்: தடித்த கம்பியில் சில நூறு சுற்று, மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று. பாயிண்ட் மூடியிருக்கும்போது 12 வோல்ட் பேட்டரி மின்சாரம் தடித்த சுற்றில் ஓடி, உள்ளே காந்தப்புலத்தை நிரப்புகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டிலுள்ள கேம் பாயிண்டைத் திறந்த கணத்தில் மின்சாரம் அறுபட்டுக் காந்தப்புலம் சரிகிறது. மாறும் காந்தப்புலம் பக்கத்துக் கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்று மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்தது இங்கே வேலைக்கு வருகிறது. மெல்லிய சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழும்பி, ரோட்டார் வழியாக உரிய பிளக்குக்குப் போகிறது.

இதில் எல்லாம் ‘சரிகிற வேகத்தை’ பொறுத்தது. பாயிண்ட் திறக்கும்போது மின்சாரம் சட்டென்று நிற்காமல், இடைவெளியில் சிறு பொறியாகத் தாவித் தொடரப் பார்க்கும். அப்படித் தொடர்ந்தால் காந்தப்புலம் மெல்லச் சரியும், பிளக்கில் பொறி நோஞ்சானாக விழும். பாயிண்டுக்குப் பக்கத்தில் விரல் நுனியளவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கன்டென்சர் அந்தத் தாவலைத் தடுக்கிறது. அதன் கொள்ளளவு சுமார் 0.2 மைக்ரோஃபாரட்தான். அது கெட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி எஞ்சினைச் சுற்றும்போது பாயிண்டுகளுக்கு நடுவே பளிச்சென்று நீலப் பொறி தெரியும். கொஞ்ச நாளில் ஒரு பாயிண்டில் குழியும் மறு பாயிண்டில் மேடும் விழுந்திருக்கும். பாயிண்ட் கேப் ஓர் அங்குலத்தில் ஆயிரத்துக்கு 15 பங்கு, அதாவது சுமார் 0.38 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜை நுழைத்தால் லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும்.

மெக்கானிக்குகள் செய்யும் பழைய சோதனை ஒன்று உண்டு. பிளக்கைக் கழற்றி, வயரை மாட்டி, எஞ்சின் மேல் படும்படி வைத்து செல்ஃப் அடிப்பார்கள். நுனியில் பொறி விழுந்தால் “கரண்ட் நல்லா வருது” என்று தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. ஜெர்மன் இயற்பியலாளர் ஃபிரெட்ரிக் பாஷன் 1889இல் காட்டியபடி, இரண்டு முனைகளுக்கு நடுவே பொறி தாவத் தேவைப்படும் மின்னழுத்தம் இடைவெளியை மட்டும் சார்ந்ததில்லை. நடுவிலிருக்கும் வாயுவின் அழுத்தத்தையும் சார்ந்தது. திறந்த காற்றில் ஒரு மில்லிமீட்டர் தாவ ஏறக்குறைய 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் கலவை நசுங்கி இறுகியிருக்கும்போது அதே தாவலுக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். வெளியே அழகாகப் பொறி விடும் பிளக், உள்ளே போனதும் ஊமையாகிவிடலாம்.

மேட்டில் மட்டும் மிஸ் ஆகும் வண்டியின் ரகசியமும் இதுதான். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் சிலிண்டர் நிறையக் கலவையை வாங்குகிறது. நசுக்கியபின் அழுத்தம் ஏறுகிறது. பொறி தாவுவது கடினமாகிறது. காயில் பலவீனமாக இருந்தாலோ பிளக் கேப் தேய்ந்து அகன்றிருந்தாலோ வயரின் உறை வெடித்திருந்தாலோ அப்போதுதான் குட்டு வெளிப்படும். சமதளத்தில் மெதுவாக ஓட்டும்வரை எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். ஆகவே “மேட்டுல மிஸ் ஆகுது, நிக்கும்போது நல்லா இருக்கு” என்றால் சந்தேகம் முதலில் பொறி மேல். நமது அம்பாசிடர் நேர் எதிர். நிற்கும்போது மிஸ், மேட்டில் நல்லபடி. காயிலையும் கன்டென்சரையும் மாற்றக் கொடுத்த காசு எந்த அளவுக்கு வீண் என்பது இந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்திருக்கும்.

*

அடுத்த வேலை, எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது. எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார்ப்பதற்கு ‘கட் பண்ணிப் பார்க்கிறது’ என்று பெயர். வேலை செய்யும் சிலிண்டரின் வயரைக் கழற்றினால் எஞ்சின் இன்னும் மோசமாகத் தடுமாறும். ஏற்கெனவே படுத்திருக்கும் சிலிண்டரைக் கழற்றினால் எந்த மாற்றமும் இருக்காது. மாற்றம் இல்லாத இடம்தான் நோய் உள்ள இடம்.

ஒரு எச்சரிக்கை. வெறுங்கையால் வயரைப் பிடிக்கக் கூடாது. இன்சுலேஷன் உள்ள இடுக்கி வேண்டும். கழற்றிய வயரை அந்தரத்தில் விடாமல் எஞ்சின் உடலுக்கு அருகே, பொறி தாவும் தூரத்தில் பிடிக்க வேண்டும். போக்கிடம் இல்லாத மின்னழுத்தம் காயிலின் உள்காப்பையோ ரோட்டாரையோ துளைத்துக்கொண்டு போகும். எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டிகளில் இந்த வித்தையே வேண்டாம்.

அம்பாசிடரில் மூன்றாவது, நான்காவது வயர்களைக் கழற்றியபோது எஞ்சின் ஏறக்குறைய அணைந்தேவிட்டது. முதலாவதிலும் இரண்டாவதிலும் பெரிய மாற்றம் இல்லை. ஆக, பழுது ஒன்றில் இல்லை, இரண்டில்; அதுவும் அடுத்தடுத்த இரண்டில்.

பிளக்குகளைக் கழற்றி, எது எந்த சிலிண்டருடையது என்று குழம்பாமல் ஒரு துணி மேல் வரிசையாக வைத்தார் மெக்கானிக். இங்கே கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. ஒழுங்காக எரியும் சிலிண்டரின் பிளக் மூக்கு, பாலில் லேசாக டிகாஷன் விட்ட நிறத்தில் இருக்கும். மூன்றும் நான்கும் கறுப்பு. விரலால் தொட்டால் கரி ஒட்டுகிறது. ஒன்றும் இரண்டும் வெளிறி, ஏறக்குறைய வெள்ளையாக இருக்கின்றன. கரி என்றால் பெட்ரோல் அதிகம். வெளிறல் என்றால் காற்று அதிகம். ஒரே கார்புரேட்டர் ஊட்டும் நான்கு சிலிண்டர்களில் பாதி திகட்டத் திகட்டக் குடிக்கின்றன. பாதி தாகத்தில் இருக்கின்றன.

கார்புரேட்டர் பழுது என்றால் நான்கும் ஒரே நிறத்துக்கு வர வேண்டும். வரவில்லை. ஆகவே கார்புரேட்டரைத் தாண்டியபின், நான்குக்கும் போகும் வழியில் இல்லாமல் இரண்டுக்கு மட்டும் போகும் வழியில் ஏதோ நடக்கிறது.

அம்பாசிடரின் 1,489 சிசி எஞ்சின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. (1955இல் வந்த எம்ஜிஏ என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே 1,489 சிசி எஞ்சின்தான் என்றால் நம்ப மனம் வராது.) ஹாரி வெஸ்லேக் வடிவமைப்பில் பிறந்த அதன் சிலிண்டர் ஹெட்டில் நான்கு சிலிண்டர்களுக்கு நான்கு நுழைவாயில்கள் கிடையாது. இரண்டுதான். ஒன்றாவதும் இரண்டாவதும் ஒரே வாயிலைப் பகிர்ந்துகொள்கின்றன. மூன்றாவதும் நான்காவதும் இன்னொன்றை. வெளியேறும் வழிகள் மூன்று: ஒன்றுக்கும் நான்குக்கும் தனித்தனி, நடுவில் இரண்டுக்கும் மூன்றுக்கும் பொது. அடுத்தடுத்த சிலிண்டர்கள் சேர்ந்து படுக்கும்போது இந்த வரைபடம் மனதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் நம்பிவிடுவதற்கு முன் மற்ற சாத்தியங்களை விலக்க வேண்டும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே ஹெட் காஸ்கெட் எரிந்திருந்தாலும் இரண்டும் சேர்ந்து படுக்கும். அப்போது ஒன்றின் அழுத்தம் இன்னொன்றுக்குள் கசியும். கம்ப்ரஷன் கேஜை வைத்துப் பார்த்தால் நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டுகின்றன. வழக்கமாக நான்குக்கும் இடையே பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது, இங்கே இல்லை. காஸ்கெட் தப்பித்தது. பிளக் மாற்றும்போது வயர்களை இடம் மாற்றி மாட்டியிருப்பார்களோ? இந்த எஞ்சினின் வெடிப்பு வரிசை 1-3-4-2; ரோட்டார் இடப்பக்கமாகச் சுற்றுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து விரல் வைத்துத் தொடர்ந்து பார்த்தால் வரிசை சரியாகவே இருக்கிறது. தவிர, வயர் மாறியிருந்தால் வண்டி மேட்டில் இழுத்திருக்காது. கார்புரேட்டர் வழியாக வெடித்திருக்கும்.

மிச்சம் இருப்பது, இன்லெட் மேனிஃபோல்ட் ஹெட்டோடு சேரும் இடம். ஐடிலிங்கில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, முதல் இரண்டு சிலிண்டர்களுக்கான இணைப்பின் மேல் எண்ணெய்க் குப்பியிலிருந்து சில சொட்டு எஞ்சின் ஆயில் விட்டார்கள். எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டது. சில விநாடிகளுக்கு எஞ்சின் சத்தம் சீரானது. பிறகு மறுபடி இடறல். ஏர் எடுத்துக்கொண்டிருந்தது அங்கேதான். (இந்தச் சோதனையை பெட்ரோல் தெளித்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். சுடச்சுட எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் விரற்கடை தூரத்தில் இருக்கிறது. செய்யவே கூடாது.)

மேட்டில் ஏன் இழுத்தது என்பதற்கும் விடை இங்கே இருக்கிறது. ஐடிலிங்கில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன்கள் இழுக்க இழுக்க மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் கூடும். நல்ல எஞ்சினில் அது பாதரசக் கணக்கில் 18 முதல் 20 அங்குலம் வரை இருக்கும். அந்த உறிஞ்சலில் மயிரிழை விரிசல் வழியாகக்கூட காற்று பாய்ந்து வரும். அதே நேரம் எஞ்சின் உள்வாங்கும் மொத்தக் காற்றோ மிகக் குறைவு. ஆகவே திருட்டுக் காற்றின் பங்கு பெரிது. கலவை தீப்பிடிக்க முடியாத அளவுக்கு நீர்த்துப்போகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் த்ராட்டில் திறக்கிறது, வெற்றிடம் குறைகிறது, கசிவு சுருங்குகிறது. கார்புரேட்டர் வழியாக வரும் காற்று பல மடங்காகிறது. கசிவு இருக்கிறது, கணக்கில் வராமல் போகிறது. நின்றால் மிஸ், மிதித்தால் சரி என்ற வண்டிகளில் ஏர் லீக்கை முதலில் தேட வேண்டும் என்பது இதனால்தான்.

கறுத்த பிளக்குகளுக்கும் காரணம் தெரிகிறது. முந்தைய பட்டறையில் உதறலைக் குறைக்க மிக்சரைக் கூட்டியிருக்கிறார்கள். முதல் இரண்டு சிலிண்டர்களுக்கு அது போதவில்லை. மற்ற இரண்டுக்கும் மிதமிஞ்சிப் போனது. இந்த நிலையில் இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் மூன்றும் நான்கும்கூட மிஸ் ஆகத் தொடங்கியிருக்கும். கரி மின்சாரத்தைக் கடத்தும். பிளக்கின் பீங்கான் மேல் படிந்தால், பொறியாகத் தாவ வேண்டிய மின்சாரம் கரி வழியாகவே நழுவிப் போய்விடும். பீங்கான் மூக்கு சுமார் 500 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டினால் கரி தானே எரிந்து போகும். நகரத்துக்குள்ளேயே ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டியில் அந்தச் சூடு வருவதில்லை.

சரிசெய்யும் வேலையில் மர்மம் எதுவும் இல்லை; பொறுமை வேண்டும். பி-சீரிஸில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கத்தில், ஒரே காஸ்கெட்டின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று கொதிக்கும்போது மற்றது குளிர்ந்த கலவையைச் சுமக்கிறது. இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கி, ஆண்டுகள் போகப் போக நட்டுகளைத் தளர்த்திவிடுகின்றன. மேனிஃபோல்டைக் கழற்றி, இரு முகங்களிலும் ஒட்டியிருக்கும் பழைய காஸ்கெட்டைச் சுரண்டி எடுத்து, நேரான இரும்பு ஸ்கேலை வைத்து ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். நுழைந்தால் லேத் பட்டறையில் முகத்தைச் சமன்படுத்த வேண்டும். காஸ்கெட் பேஸ்டை அப்பி மறைப்பது சில வாரங்களுக்குத்தான் தாங்கும். புதுக் காஸ்கெட், நடுவிலிருந்து இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கு, சூடாகி ஆறியபின் மறுபடி ஒரு முறுக்கு. கடைசியாக, கூட்டி வைத்த மிக்சரைப் பழைய அளவுக்குக் குறைக்க வேண்டும். இதை மறந்தால் இந்த முறை நான்கு பிளக்கும் கறுக்கும்.

*

எல்லா மிஸ்ஸிங்கும் இப்படி அழகாக அவிழ்ந்துவிடாது. ஆனால் ‘எப்போது’ என்ற கேள்வி பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை.

மழைக்காலக் காலையில் மட்டும் மிஸ் ஆகி, வெயில் ஏறியதும் சரியாகும் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைப் பார்க்க வேண்டும். பேக்கலைட் மூடியில் மயிரிழை விரிசல் இருந்தால் ஈரமும் தூசியும் சேர்ந்து மின்சாரத்துக்குப் பாதை போட்டுக் கொடுக்கும். ஒருமுறை பொறி அந்த வழியே ஓடினால் கரிக்கோடு விழும். கரி கடத்துவதால் அடுத்த பொறிக்கு வழி இன்னும் எளிது. இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓட விட்டால், கசியும் வயர்களின் மேல் நீலப் புழுக்கள் நெளிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மூடியைத் துணியால் துடைத்தால் அன்றைக்கு வண்டி ஓடும். கரிக்கோட்டைத் துடைத்து எடுக்க முடியாது. மூடியை மாற்றத்தான் வேண்டும்.

காலையில் நன்றாக ஓடி, அரை மணி நேரம் கழித்து மிஸ் ஆனால் இரண்டு சந்தேகம். காயிலின் உள்காப்பு சூட்டில் விட்டுக்கொடுக்கலாம். ஆறியதும் மறுபடி பிடித்துக்கொள்ளும். அல்லது பெட்ரோல் லைனில் ஆவி அடைத்திருக்கலாம். பெட்ரோலின் இலேசான பகுதிகள் 40 டிகிரி வாக்கிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். பெட்ரோலை இழுத்துத் தரும், எஞ்சின் உடலோடு ஒட்டியிருக்கும் ‘ஏசி பம்ப்’ அதைவிட எவ்வளவோ சூடாக இருக்கும். சித்திரை வெயிலில் ஓரம்கட்டி, பம்ப் மேல் ஈரத் துணியைச் சுற்றிய டிரைவர்கள் செய்தது சரியான வைத்தியம். பம்பை மட்டும் குளிர வைத்த உடனேயே வண்டி ஓடினால் சந்தேகம் முதலில் பெட்ரோல் லைன் மேல்.

காலை, மாலை, மேடு, பள்ளம் எதுவும் பார்க்காமல் ஒரே சிலிண்டர் ஓயாமல் மிஸ் ஆனால், பொறியும் வந்தால், அழுத்தத்தை அளக்க வேண்டும். குறைவாக இருந்தால் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். எண்ணெய் பிஸ்டன் ரிங்கைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். அழுத்தம் ஏறினால் கோளாறு ரிங்கில். ஏறாவிட்டால் வால்வில் அல்லது காஸ்கெட்டில். விலையில்லாத சோதனை இது. ஹெட்டைக் கழற்றுவதா, எஞ்சினையே இறக்குவதா என்பதை முடிவு செய்கிறது.

வால்வு கெடுவதில் பழைய வண்டிகளுக்குத் தனிக் கணக்கு உண்டு. அன்றைய பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அதன் சீட்டுக்கும் நடுவே மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. உடலுக்கு நஞ்சு என்பதால் 2000 பிப்ரவரி முதல் இந்தியா முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல்தான். எடுத்தது மிக நல்ல காரியம். ஆனால் கடினப்படுத்திய சீட் இல்லாத பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே புதைந்து, டேப்பெட் கிளியரன்ஸைத் தின்றுவிடுகிறது. கிளியரன்ஸ் போனால் வால்வு முழுதாக மூடாது. மூடாத வால்வு தன் சூட்டைச் சீட்டுக்குத் தர முடியாமல் ஓரத்தில் எரியும். டேப்பெட் சத்தம் கேட்கவே இல்லை என்று பெருமைப்படுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். லேசாகச் சலசலக்கும் டேப்பெட்டைவிட ஆபத்தானது, இறுகிய டேப்பெட். அம்பாசிடரில் அதைச் சரிபார்க்க வசதியான கணக்கு ஒன்று உண்டு: எட்டு வால்வுகளுக்கும் வரிசையாக எண் கொடுத்து, முழுதாகத் திறந்திருக்கும் வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால், அப்போது அட்ஜஸ்ட் செய்ய வேண்டிய வால்வின் எண் கிடைக்கும். எட்டு திறந்தால் ஒன்று, ஆறு திறந்தால் மூன்று.

இன்றைய பெட்ரோலில் இன்னொரு மாற்றம், எத்தனால். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் தேவை சுமார் 13.5க்கு இறங்குகிறது. பழைய கார்புரேட்டருக்கு இது தெரியாது. தன் ஜெட்டின் துளைக்கு ஏற்ப முன்பு போலவே ஊட்டுகிறது. விளைவு, கலவை ஏறக்குறைய 8 சதவீதம் நீர்க்கிறது. நல்ல நிலையில் உள்ள எஞ்சின் இதைத் தாங்கிக்கொள்ளும். மேனிஃபோல்டில் ஏற்கெனவே சிறு கசிவு இருந்து, இத்தனை நாள் வெளியே தெரியாமல் ஓடிய வண்டி, இதனாலேயே மிஸ் ஆகத் தொடங்கலாம். எத்தனாலுக்காகச் செய்யாத பழைய ரப்பர் குழாய்களும் பம்ப் டயஃப்ரமும் ஊறி நைந்துபோவது தனிப் பிரச்சினை.

மூன்று சிலிண்டர் மாருதி 800இல் மிஸ்ஸிங்கை யாரும் தவறவிட முடியாது. ஒன்று படுத்தால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும். அங்கே செலவில்லாத சோதனை, இடமாற்றம். படுத்த சிலிண்டரின் பிளக்கை அடுத்த சிலிண்டரில் மாட்டுங்கள். நோய் பிளக்கோடு நகர்ந்தால் பிளக் கெட்டது. நகராவிட்டால் பிளக்கைப் பழையபடி வைத்து வயரை மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஆய்வுக்கூடத்தில் செய்யும் அதே ஒழுங்கு. பிளக் ஸ்பானர் ஒன்று போதும்.

1996 முதல் அமெரிக்கக் கார்களில் கட்டாயமாகி, பின்னர் உலகமெங்கும் பரவிய ஓபிடி-2 முறையில் படுத்த சிலிண்டரைக் கண்டுபிடிக்கும் வேலையைக் கணினி செய்கிறது. கிராங்கின் பல்சக்கரத்தை ஒரு சென்சார் கவனித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வெடிப்பிலும் கிராங்க் துளி வேகமெடுக்க வேண்டும். எடுக்காத முறை எந்த சிலிண்டருடையது என்று பார்த்து, இரண்டாவது என்றால் பி0302 என்று குறித்துவைக்கும். ஆனால் கணினி சொல்வது எந்த சிலிண்டர் என்பது வரைதான். பொறியா, கலவையா, அழுத்தமா என்பதை அங்கும் ஒரு மனிதர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மிஸ் ஆகும் வண்டியை “ஓடுதுல்ல, அப்புறம் பார்த்துக்கலாம்” என்று மாதக்கணக்கில் ஓட்ட வேண்டாம். பொறியில்லாத சிலிண்டருக்குள் போகும் பெட்ரோல் எரியாமல் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு ஆயில் சம்பில் இறங்குகிறது. ரிங்கும் பேரிங்கும் தேய்கின்றன. கேட்டலிடிக் கன்வர்ட்டர் உள்ள வண்டி என்றால் அந்தப் பெட்ரோல் அங்கே போய் எரிந்து, உள்ளிருக்கும் பீங்கான் வலையையே உருக்கிவிடும். பட்டறைக்குப் போகும்போது எப்போது மிஸ் ஆகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள்: குளிரிலா சூட்டிலா, நின்றாலா இழுத்தாலா, மழையிலா வெயிலிலா. புது பிளக் வாங்கச் சொன்னால் வாங்கலாம். ஆனால் கழற்றிய பழைய பிளக்குகளை வரிசை மாறாமல் வைத்து ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.